புட்டிக்குள் புகுந்த கப்பல்

கண்ணாடிப் புட்டி ஒன்று. அதனுள்ளே நீலக் கடல். கடலின்மேல் மூன்று பாய்மரங்களோடு ஒரு கப்பல். புட்டியின் வாயோ கட்டைவிரல் நுழையும் அளவே அகன்றது. பாய்மரம் அந்த வாயைக் காட்டிலும் மூன்று மடங்கு உயர்ந்து நிற்கிறது. இத்தகைய வேலைப்பாட்டை நேயர்களிற் சிலர் நேரிலும் பலர் படத்திலும் கண்டிருப்பீர்கள். கண்டவர் எவரும் முதலிற் கேட்கும் கேள்வி ஒன்றே: “இது எப்படி உள்ளே போயிற்று?”

இதற்கு நாமே விடை கற்பித்துக்கொள்வதும் உண்டு. கப்பலை வைத்து அதைச் சுற்றிக் கண்ணாடியை ஊதியிருப்பார்கள் என்பர் சிலர். உருகிய கண்ணாடியின் வெப்பத்திலே மரமும் நூலும் கரிந்துபோகும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. புட்டியின் அடியை அறுத்துக் கப்பலை வைத்தபின் ஒட்டியிருப்பார்கள் என்பர் வேறு சிலர். அப்படிச் செய்து விற்பாரும் உண்டு. ஆனால், இக்கலையில் தேர்ந்தவர்கள் அதனை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. முறையாகச் செய்த கப்பல் புட்டியின் வாய் வழியாகத்தான் உள்ளே செல்கிறது. வெளியிலே கட்டி முடிக்கப்பெற்று, மடங்கி, உள்ளே சென்று, அங்கே எழுந்து நிற்கிறது.

இதனை நூல்களிற் படித்ததோடு நில்லாமல், சில ஆண்டுகளுக்கு முன் நானே செய்தும் பார்த்தேன். ஆதலின், செய்முறையைச் சற்று விரிவாகவே சொல்லுகிறேன்.

முதலில் அளக்க வேண்டுவது கப்பலை அன்று, புட்டியின் கழுத்தை. திராட்சை மது வரும் சாதாரணப் புட்டியின் கழுத்து உட்புறத்தில் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் அகலமுடையது. கப்பலின் உடல், மடிந்த மரங்கள், பாய்கள், கயிறுகள் ஆகிய அனைத்தும் சேர்ந்து அந்த வட்டத்துக்குள் அடங்க வேண்டும். எனவே, உடலை 12 மில்லிமீட்டர் அகலத்திலே செதுக்கினேன். பாய்மரங்களுக்கு மூங்கிற் சீவல். ஒவ்வொரு மரத்தின் அடியிலும் மெல்லிய கம்பியாற் சிறு கீல் ஒன்று அமைத்துவிட்டால், மரம் பின்னோக்கிச் சாயும், மீண்டும் நிமிரும். பாயைத் தாங்கும் குறுக்குக் கழிகளை நம் கடற்கரை மக்கள் பருமல் என்பார்கள். அவற்றை நடுவில் ஒரே முடிச்சால் மரத்தோடு கட்ட வேண்டும். அப்போதுதான் கழி திரும்பி மரத்தோடு மரமாகப் படுத்துக்கொள்ளும். பாய்களுக்கு மெல்லிய தாள் போதும்.

இனி, கயிறுகள். மரத்தின் உச்சியிலிருந்து பின்புறமாகக் கப்பலின் இரு விளிம்புகளுக்கும் இறங்கும் நூல்களை இறுகக் கட்டிவிடலாம். மரம் பின்னே சாயும்போது அவை தாமே தளர்ந்துவிடும். உச்சியிலிருந்து முன்னோக்கிச் செல்லும் நூல்களை மட்டும் கட்டலாகாது. கப்பலின் மூக்குப்போல் முன்னே நீண்டிருக்கும் கழியில் நுண்ணிய துளைகள் இட்டு, அவற்றின் வழியே நூல்களை வெளியே ஓடவிட வேண்டும். இந்த நூல்களே முழு வேலைக்கும் திறவுகோல்.

கடலை முன்னதாகவே அமைத்துவிட வேண்டும். சன்னலுக்குக் கண்ணாடி பொருத்தும் தச்சர்கள் சுண்ணத் தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து ‘பட்டி’ என்ற ஒன்றைச் செய்வார்கள். அதில் நீலம் கலந்து, வளைத்த கம்பியால் உள்ளே தள்ளி அழுத்தி, அலைகளை எழுப்பி, நுனிகளில் வெள்ளை தீட்ட வேண்டும். பிறகு பல நாள் உலரவிட வேண்டும். அவசரப்பட்டு மூடினால் உள்ளே ஆவி படிந்து, கடலும் கப்பலும் மூடுபனியில் மறைந்துபோகும்.

இவ்வளவும் ஆனபின் கப்பலின் மரங்களைச் சாய்த்து, பாய்களை மெல்லச் சுருட்டி, பின்புறம் முன்னாக உள்ளே செலுத்த வேண்டும். அப்போது அது கப்பலாகவே தோன்றாது; பறவைக் கூட்டிலிருந்து விழுந்த சுள்ளிக் கற்றைபோல் இருக்கும். கடலின்மேல் அது ஒட்டி நின்றதும் வெளியே தொங்கும் நூல்களை மெல்ல இழுக்கிறோம். படுத்திருந்த மரங்கள் ஒவ்வொன்றாக எழுகின்றன, பருமல்கள் நேராகின்றன, பாய்கள் விரிகின்றன. என் ஒன்றரை மாத மாலைப் பொழுதுகளின் பயனை நான் அரை நிமிஷத்திற் கண்டேன். பின்பு துளைகளிற் பசையிட்டு, மிகுந்த நூல்களைக் கம்பி முனையிற் கட்டிய கூரிய தகட்டால் அறுத்து, தக்கையிட்டு அரக்கு வைத்தால் வேலை முடிந்தது.

செய்து பார்த்தபோதுதான் ஒன்று எனக்கு விளங்கிற்று. புட்டிக்குள் மரத்தை நிமிர்த்தி நிறுத்துவது கீல் அன்று, பசையும் அன்று. முன்னிழுக்கும் நூலுக்கும் பின்னிழுக்கும் நூலுக்கும் இடையே அகப்பட்டுத்தான் மரம் நிற்கிறது. மெய்யான பாய்மரக் கப்பலிலும் அப்படியே. அங்கே மரத்தின் அடி கப்பலின் ஆழத்தில் ஊன்றியிருந்தாலும், புயற் காற்றின் வேகத்தை அது தனியே தாங்காது. முன்னும் பின்னும் பக்கங்களிலும் இழுத்துக் கட்டிய வடங்களே அதனை நிறுத்துகின்றன. எந்த வடம் தளர வேண்டும், எது இறுக வேண்டும் என்பதைக் கையாலும் தோளாலும் அறிந்த மாலுமிக்குப் புட்டிக்குள் கப்பல் கட்டுவது புதிய வித்தை அன்று; தன் தொழிலைச் சிறிய அளவிலே மீண்டும் செய்வதே ஆகும்.

புட்டிக்குள் வேலைப்பாடு அமைப்பது மாலுமிகளுக்கு முன்பே தோன்றிய வழக்கம். ஐரோப்பாவில் சுரங்கக் காட்சிகளையும் சமயக் காட்சிகளையும் புட்டிகளுக்குள் அமைத்தார்கள். 1674இல் ஜெர்மனியிற் பிறந்த மத்தியாஸ் புக்கிங்கர் அத்தகைய கைவினைஞருள் ஒருவர். கைகளும் கால்களும் முழுமையாக அமையாமற் பிறந்தவர் அவர் என்று அறியும்போது நம் வியப்பு இரட்டிக்கிறது. கப்பலைக் கொண்ட புட்டிகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்று ஜெர்மனியின் லூபெக் நகர அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. 1784 என்று ஆண்டு குறிக்கப்பெற்றது. ஜியோனி பியோண்டோ என்பவர் செய்தது.

ஆயினும், இக்கலை மாலுமிகளிடையே பரவியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான். தெளிந்த கண்ணாடிப் புட்டிகள் அப்போது மலிவாகக் கிடைக்கலாயின. உடைந்த மரத்துண்டு, மிச்ச நூல், வெறும் புட்டி, ஒரு பேனாக்கத்தி ஆகிய இவற்றுக்குக் காசு வேண்டியதில்லை. பொழுதோ, நெடும் பயணத்தில் காவல் முறைகளுக்கு இடையே கிடைத்தது. வட ஜெர்மானியக் கரையோர மக்கள் இதனை ‘புட்டெல்ஷிஃப்’ என்பார்கள். புட்டிக் கப்பல் என்பதே பொருள்.

அந்தக் காலம் எத்தகையது என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1869ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் சூயஸ் கால்வாய் திறக்கப்பெற்றது. ஐந்தே நாள் கழித்து, 22ஆம் நாள், ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் ‘கட்டி சார்க்’ என்னும் விரைவுப் பாய்க்கப்பல் நீரில் இறங்கிற்று. சீனத்துத் தேயிலையை விரைந்து கொண்டுவரவென்றே கட்டப்பெற்ற கப்பல் அது. 11 மைல் நீளமுள்ள கயிறுகள் அதன் மரங்களையும் பாய்களையும் பிணைத்திருந்தன. ஆனால், நீராவிக் கப்பல்கள் கால்வாய் வழியே குறுக்காக வந்துவிட்டன. கால்வாயும் செங்கடற் காற்றும் பாய்க்கப்பலுக்கு உதவவில்லை. சில ஆண்டுகளில் தேயிலை கைவிட்டுப் போயிற்று. அக்கப்பல் ஆஸ்திரேலியாவிலிருந்து கம்பளி சுமந்தது. 1895இல் போர்த்துக்கேசியருக்கு விற்கப்பெற்றது. மீண்டும் இங்கிலாந்துக்கு வந்து, 1954 முதல் கிரீனிச் நகரில் நிலைபெற்றது. 2007இல் தீப்பற்றியும் பிழைத்தது. அவ்வளவு நற்பேறு எல்லாக் கப்பல்களுக்கும் வாய்க்கவில்லை. உடைபட்டவை பல, கடலில் அமிழ்ந்தவை பல, மரம் களைந்து நிலக்கரிக் கிடங்குகளாக மிதந்தவையும் உண்டு.

கப்பலோடு அதனை இயக்கிய அறிவும் வேலையற்றுப் போயிற்று. இருளிலே தொட்டுப் பார்த்தே இன்ன கயிறு என்று சொல்லத் தெரிந்த மனிதனை நீராவிக் கப்பல் கேட்கவில்லை. எழுதத் தெரியாத மாலுமிகள் பலர் தம் அறிவைப் புத்தகமாக எழுதிவைக்கவும் இல்லை. ஆனால், தாம் உழைத்த கப்பலைக் கயிறு தவறாமல் நினைவிலிருந்து கட்டி, புட்டிக்குள் வைத்து மூடினார்கள். அவை பொழுதுபோக்குப் பொம்மைகள் என்று பலர் கருதலாம். அவற்றை அவர்கள் எழுதிவைத்த நூல் என்றே நான் கருதுகிறேன்.

அந்தப் பழைய வடிவத்துக்குப் பெரும் பொருள் கூற முடியும் என்பதை நம் காலத்துக் கலைஞர் ஒருவரும் காட்டியிருக்கிறார். 1805இல் டிரபால்கர் போரில் தளபதி நெல்சன் ஏறிச் சென்ற ‘விக்டரி’ கப்பலை, முப்பதில் ஒரு பங்கு அளவில் செய்து, மாபெரும் புட்டியொன்றில் வைத்தார் யின்கா ஷோனிபாரே. லண்டனில் பிறந்து நைஜீரியாவில் வளர்ந்தவர் அவர். 2010இல் அது லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் வைக்கப்பெற்றது. 2012 முதல் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் 37 பாய்களும் வெண்ணிறமானவை அல்ல; பல வண்ணப் பூந்துணிகள். இந்தோனேசியாவின் பத்திக் துணியைப் பார்த்து டச்சுக்காரர் ஆலையில் அச்சிடுவித்து, மேற்கு ஆப்பிரிக்காவில் விற்ற துணிவகை அது. கப்பல்கள் எவற்றைச் சுமந்தன, யாரிடமிருந்து எடுத்து யாரிடம் சேர்த்தன என்ற வரலாறு அந்தப் பாய்களிலேயே விரிந்திருக்கிறது.

மறைபொருளைச் சொல்லிவிட்டால் வியப்புப் போய்விடாதா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. செப்படி வித்தைக்கு அது பொருந்தும்; அங்கே மறைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. இங்கோ, மறைபொருளே உழைப்பு. அதை அறிந்த பிறகுதான் நாம் எதைப் பார்த்து வியக்க வேண்டும் என்பதை அறிகிறோம். இனி இத்தகைய புட்டியொன்றை நேயர்கள் காண நேர்ந்தால், பாய்களைப் பார்த்துவிட்டு உடனே அகன்றுவிடாதீர்கள். கப்பலின் முன்னே நீண்டிருக்கும் அந்த மூக்குக் கழியை உற்று நோக்குங்கள். அறுபட்ட நூல்களின் நுனிகள் சிறு புள்ளிகளாக அங்கே தெரியக்கூடும். பெயர் தெரியாத ஒரு மாலுமியின் விரல்கள் கடைசியாகப் பற்றியிருந்த இடம் அதுதான்.