சிரிப்பை வளர்த்த கம்பெனி வீடு



1996-இல் வந்த ‘அவ்வை சண்முகி’ படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். மணமுறிவால் மகளைப் பிரிந்த தகப்பன், அவள் பக்கத்தில் இருப்பதற்காகவே மடிசார் மாமியாக வேடமிட்டு மாமனார் வீட்டுக்கு வேலைக்குப் போகிறான். கதை ‘மிசஸ் டவுட்ஃபயர்’ என்ற ஆங்கிலப் படத்தைத் தழுவியது. ஆனால் பெயர் நம் நாடக மேடைக்குச் சொந்தம். அவ்வையாராக நடித்துப் புகழ்பெற்ற டி.கே. சண்முகத்துக்கு, சிறுவயதில் அவரிடம் நாடகம் பயின்ற கமல்ஹாசன் செய்த மரியாதை அது.

அந்த சண்முகம் 1918-இல் மதுரையில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின், சிறுவர்களே நடிக்கும் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தபோது ஆறு வயதுப் பிள்ளை. அண்ணன்மாரும் அதே கம்பெனியில் இருந்தார்கள். தந்தை கண்ணுசாமிப் பிள்ளை ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், போட்டவர். 1925-இல் சகோதரர்கள் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அதில் வளர்ந்தவர்தான்.

அன்றைய நாடகக் கம்பெனி ஊர் ஊராக முகாம் போடும். கம்பெனி வீட்டில் சாப்பாடு, அங்கேயே பாடம், அங்கேயே படுக்கை. பெற்றோரை விட்டு வந்த பிள்ளைகளுக்கு வாத்தியார்தான் கண்டிப்பான தகப்பன். கூட நடிப்பவன்தான் அண்ணன், தம்பி. இரவும் பகலும் இப்படி ஒன்றாக வாழ்ந்தவர்களுக்கு, எதிரில் நிற்பவன் எப்போது பேசுவான், எப்போது நிறுத்துவான் என்பது மூச்சைப் போலப் பழகிவிடும். நகைச்சுவைக்கு அந்தப் பழக்கம்தான் உயிர்.

‘அவ்வை சண்முகி’க்கு வசனம் எழுதிய கிரேஸி மோகனும் நாடகக்காரர். 1979-இல் அவர் தொடங்கிய குழுவில் தம்பி பாலாஜிதான் மாது என்ற நாயகன். மாதுவும் ஜானகியுமாக நாடகத்துக்கு நாடகம் வீட்டுக் கூடத்துக் குழப்பங்களே கதை. நாயகிகளுக்கு ஜானகி என்று பெயர் வைத்தது, தன்னை மேடையேற்றிய பள்ளி ஆசிரியையின் நினைவாக. வீட்டுப் பாசமும் குரு பக்தியும் அந்தச் சிரிப்புக்குள் இருந்தன. அதனால்தான் நம்மைப் போலக் கடல் கடந்து வாழும் தமிழர்களும் அந்தக் குழுவை அழைத்து அழைத்துப் பார்த்தார்கள்.

அழைத்துப் பார்த்தது போதாது. நாமே நடிக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். சித்தப்பா, அத்தை, பெரியம்மா எல்லாம் தொலைபேசியில் மட்டுமே இருக்கும் நம் பிள்ளைகளுக்கு, ஒத்திகைக் கூடம் அந்த உறவுகளைத் தரும். வீட்டில் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை, மேடையில் கைதட்டல் வாங்க வேண்டுமானால் தமிழில், சரியான நேரத்தில், சரியான ஏற்ற இறக்கத்தோடு பேசியாக வேண்டும். ஊரிலிருந்து வந்து தங்கும் தாத்தா, பாட்டிகளுக்கும் வேடம் கொடுப்போம்.

அடுத்த ஆண்டு விழாவில் அரை மணி நேரக் குடும்ப நகைச்சுவை நாடகம் ஒன்று நம் குடும்பங்களே நடிக்க அரங்கேறட்டும். நம் சங்கத்தின் செயற்குழு அதற்கு இன்றே ஒப்புதல் தர வேண்டும். எழுத, நடிக்க, திரை இழுக்க, ஒத்திகைக்குச் சமைக்க வருபவர்கள் இந்தக் கூட்டம் கலைவதற்குள் பெயர் கொடுங்கள்.