அரசனிடம் போகும் வழி



உலகத்து அரண்மனைகளை ஒப்பிட்டுப் பேச இரண்டு நாள் கூடியிருக்கிறோம். எதிரே கட்டடக்கலை ஆய்வாளர்களும் இருக்கிறீர்கள், மரபுச் சின்னங்களுக்குப் பயணிகளை அழைத்துப்போகும் வழிகாட்டிகளும் இருக்கிறீர்கள். இரு சாராரும் ஒரே அரங்கில் உட்கார்ந்து பேசவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒரு மனக்குறையில் பிறந்த ஆசை அது. ஒப்பீடு என்ற பெயரில் பயணக் கையேடுகளில் நாம் எழுதிவைத்திருப்பது பெரும்பாலும் அளவுக் கணக்கு. இங்கே இத்தனை ஏக்கர், அங்கே இத்தனை தூண், இது அதைவிட உயரம். அதைப் படித்துவிட்டுப் போகிறவர், இடத்தில் நின்றதும் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கைப்பேசியை எடுத்துவிடுகிறார்.

ஒரே ஒரு கேள்வியை வைத்து ஒப்பிடலாம் என்பது என் கட்சி. வெளிவாசலில் வந்து நிற்கும் ஒருவர் அரசனைக் காண எந்த வழியாகப் போனார்? எத்தனை வாசல், எங்கே திருப்பம், எங்கே காத்திருப்பு, கடைசியில் அவர் கண்ணுக்கு என்ன தெரிந்தது? இதைக் காட்ட, நிலத்தாலும் சமயத்தாலும் வெகுதூரத்தில் இருக்கும் இரண்டு அரண்மனைகளை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, பெய்ஜிங்கின் தடைசெய்யப்பட்ட நகரம். யோங்லே பேரரசர் 1406இல் தொடங்கி 1420இல் முடித்தது. அந்தப் பேரரசர் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். இலங்கையின் காலியில் கிடைத்து இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டு, சீனமும் பாரசீகமும் தமிழும் கொண்டது, 1409இல் அவர் பெயரால் பொறிக்கப்பட்டது. நம் எழுத்தைக் கல்லில் வெட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் பெய்ஜிங்கில் இந்த வேலையும் நடந்துகொண்டிருந்தது.

தெற்கே இருக்கும் வூமென் வாயிலில் ஐந்து வழிகள். நடுவழி பேரரசருக்கு உரியது. பேரரசி தன் திருமண நாளில் ஒரே ஒரு முறை அதன் வழியே உள்ளே வரலாம். அரண்மனைத் தேர்வில் முதல் மூன்று இடங்களைப் பிடித்தவர்கள் ஒரு முறை அதன் வழியே வெளியே போகலாம். மற்றவர்களுக்கெல்லாம் பக்கவழி. உள்ளே போனால் எல்லாம் நேர்கோடு. வளைந்தோடும் ஓடை, ஐந்து பளிங்குப் பாலங்கள், இன்னொரு வாயில், அதைத் தாண்டினால் சுமார் 30,000 சதுர மீட்டர் முற்றம். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. எதிரே மூன்றடுக்குப் பளிங்கு மேடைமேல், மஞ்சள் ஓடு வேய்ந்த பேரிசைவு மண்டபம்.

அந்த முற்றத்தில் நிற்கும்போது கையேடு சொல்லாத ஒன்றை மனத்தில் கொண்டுவாருங்கள். பிற்காலத்தில் ஆண்ட சிங் அரச மரபினர் காலத்தில், பெருவிழா நாட்களில், மலை வடிவான சிறு வெண்கலக் குறிகளை இந்தத் தளத்தில் வரிசையாக வைப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு பதவித் தரத்துக்கு உரியது. அதிகாரி தன் தரத்துக்குரிய குறியின் பக்கத்தில் நிற்பார், மண்டியிடுவார், தலையைத் தரையில் வைப்பார். மண்டபம் எதிரேயே இருக்கும், ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அதற்குள் அழைக்கப்படுவதில்லை. பேரரசர் தொலைவில், உள்ளிருட்டில். இவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது படியும் கூரையும் வானமும்.

இரண்டாவது, ஸ்பெயினின் கிரனாடா நகரில் குன்றின்மேல் இருக்கும் அல்ஹம்ப்ரா. 1238 முதல் 1492 வரை ஆண்ட நஸ்ரித் சுல்தான்களின் இருப்பிடம். இங்கே நேர்கோடு என்ற பேச்சே இல்லை. ஆலோசனை மண்டபத்தைத் தாண்டினால் சின்ன முற்றம் ஒன்று, நம் ஊர்ப் பழைய வீட்டு முற்றத்தைவிட அதிகம் பெரிதில்லை. எதிர்ச்சுவர் முழுக்க இழை இழையாகச் சுதை வேலை. அதன் கீழே இரண்டு கதவுகள். ஒரே அளவு, ஒரே அலங்காரம். எது அரசனிடம் போகிறது என்பதற்கு ஓர் அடையாளமும் கிடையாது.

நான் அங்கே அரைமணி நேரம் ஓரமாக நின்றேன். கூட்டம் கூட்டமாக வந்தார்கள், அண்ணாந்து சுதையைப் படம் எடுத்தார்கள், திறந்திருந்த இடப்பக்கக் கதவுக்குள் போய் மறைந்தார்கள். ஒரே மாதிரி இரண்டு கதவு எதற்கு என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. உடன் வந்த வழிகாட்டிகளும் வாய் திறக்கவில்லை. எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அந்த அரண்மனையின் உயிர்நாடியே அந்த இரண்டு கதவுகள்தாம்.

இடப்பக்கக் கதவுக்குள் நுழைந்தால் இருண்ட நடை. ஒரு திருப்பம், மறுபடி ஒரு திருப்பம், திசை மறந்துபோகிறது. சட்டென்று வெளிச்சம். முப்பத்துச்சொச்சம் மீட்டர் நீளத்துக்குக் குளம், அதில் தலைகீழாகக் கோமாரஸ் கோபுரம். கோபுரத்துக்குள் 11 மீட்டர் சதுரத்தில் தூதர் மண்டபம். வாசலுக்கு நேர் எதிர் மாடத்தில், சன்னலுக்கு முன்னால் சுல்தான் அமர்ந்திருப்பார். வெளிச்சம் அவர் முதுகுப்பக்கம் இருந்து வரும், வந்தவர் கண்ணுக்கு முகம் பிடிபடாது, உருவக்கோடு மட்டும் தெரியும். தலைக்குமேல் 8,017 மரத்துண்டுகளைக் கோத்த கூரை, ஏழு வானங்களைக் குறிப்பது.

அரசனின் முகம் எளிதில் கிட்டக்கூடாது. இரண்டு இடத்திலும் கட்டடம் செய்த வேலை அதுதான். பெய்ஜிங்கில் தொலைவு அதைச் செய்தது, கிரனாடாவில் திருப்பமும் எதிர்வெளிச்சமும் செய்தன. ஒரு வாயிலிலிருந்து அடுத்த வாயிலுக்கு நடந்து பார்க்கிறவருக்கு இது காலிலேயே புரிந்துவிடும்.

வழிகாட்டிகளிடம் ஒன்று வேண்டிக்கொள்கிறேன். ஆண்டுக் கணக்கில் உண்மையாக இருங்கள். பெய்ஜிங்கின் பேரிசைவு மண்டபம் 600 ஆண்டுப் பழமையானது என்று சொல்லிவிடுகிறோம். கட்டி முடித்த மறு ஆண்டே, 1421இல், மின்னல் விழுந்து அது எரிந்தது. இப்போது நிற்பது 1695இல் தொடங்கிய மறுகட்டுமானம். அல்ஹம்ப்ராவின் சிங்க முற்றத்தில் நாம் மிதிக்கும் பளிங்குத் தளம் 2012இல் நிறைவேறிய பணி. இதைச் சொன்னால் பயணியின் கண்ணில் அரண்மனையின் மதிப்பு குறையாது. எரிந்ததைத் தலைமுறை தலைமுறையாக எழுப்பிய தச்சர்களையும் அவர் சேர்த்துப் பார்ப்பார்.

இன்னொன்று, காத்திருக்கும் நேரம். அல்ஹம்ப்ராவின் நஸ்ரித் மாளிகைகளுக்கு டிக்கெட்டில் அச்சிட்ட நேரத்தில்தான் விடுவார்கள். வரிசையில் நிற்கும் அந்த நேரத்தில் உலகப்பயணி இப்னு பதூதாவின் கதையைச் சொல்லுங்கள். டில்லியில் நீதிபதியாக இருந்தவர், மதுரைக்கு வந்து அங்கிருந்த சுல்தானைக் கண்டவர், எத்தனையோ அரசவாசல்களில் நின்றவர். 1350 வாக்கில் கிரனாடா போனார். அங்கே ஆண்ட சுல்தான் முதலாம் யூசுப் உடல்நலமின்றி இருந்ததால் அவரைப் பார்க்க முடியவில்லை. சுல்தானின் தாயார் பொற்காசுகள் அனுப்பிவைத்தார். வாங்கிக்கொண்டு திரும்பினார்.

அரங்கின் இடப்புறச் சுவரில் ஒரு நீண்ட வெள்ளைத்தாளை ஒட்டச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் கரித்துண்டுகள் இருக்கின்றன. கட்டுரை படித்து முடித்ததும் ஒவ்வொருவரும் உங்கள் அரண்மனையின் வெளிவாசலில் இருந்து அரியணை வரைக்குமான வழியை அதில் ஒற்றைக் கோடாக வரையுங்கள். காத்திருந்த இடத்தில் ஒரு புள்ளி போதும். பெய்ஜிங்கையும் கிரனாடாவையும் காலையிலேயே நான் வரைந்துவிட்டேன். முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.