பெட்ரோல் குழாயைக் கழற்றும் முன்



பழைய அம்பாசிடர் காரைப் பலரும் அறிவார்கள். முதலில் வந்த மாருதி 800 காரையும் அறிவார்கள். அவற்றில் கார்புரேட்டர் இருந்தது. சின்ன பம்ப் ஒன்று பெட்ரோலை மெல்லத் தள்ளியது. குழாயைக் கழற்றினால் கொஞ்சம் வடியும். மெக்கானிக் துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்.

2000-ஆம் ஆண்டில் புகைக் கட்டுப்பாடு கடுமையானது. அதையொட்டி இஞ்செக்டர் வண்டிகள் பெருகின. இவற்றில் பம்ப் பெட்ரோல் டாங்குக்குள் இருக்கிறது. அது பெட்ரோலை வேகமாகத் தள்ளுகிறது. கார் டயரில் காற்று சுமார் 30 பவுண்டு இருக்கும். இஞ்செக்டர் வண்டிக் குழாயில் பெரும்பாலும் 40 பவுண்டு அளவில் அழுத்தம் இருக்கும். சாவியை அணைத்த பிறகும் அது உடனே இறங்காது. பழைய வண்டியில் கை பழகியவர் அதே நினைப்பில் குழாயை இழுத்தால், பெட்ரோல் கண்ணிலும் முகத்திலும் பீய்ச்சி அடிக்கும். பக்கத்தில் பொறி இருந்தால் தீப்பிடிக்கும்.

ஆகவே முதலில் அழுத்தத்தை இறக்க வேண்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். டாங்க் மூடியைத் திறந்து மூட வேண்டும். பிறகு பெட்ரோல் பம்பின் பியூஸை எடுக்க வேண்டும். எந்த பியூஸ் என்று தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேட்க வேண்டும். ஊகித்துப் பிடுங்கக் கூடாது. பியூஸை எடுத்தபின் எஞ்சினை ஓட விட்டால், குழாயில் உள்ள பெட்ரோல் தீர்ந்து தானே நின்றுவிடும். சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். அப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். இணைப்பைச் சுற்றித் துணி போட்டுத்தான் கழற்ற வேண்டும். கண்ணாடி அணிவது நல்லது.

டீசல் கார் வேறு. புது டீசல் எஞ்சின் ஓடும்போது அழுத்தம் பல நூறு மடங்கு அதிகம். டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பழகாதவர் அதைத் தொடவே கூடாது.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையில் படியும், ஒர்க்‌ஷாப் குழியில் தேங்கும். தீப்பிடித்தால் எல்லோரும் பீடியைத்தான் திட்டுவார்கள். குழியில் தொங்கும் குண்டு பல்பை யாரும் சந்தேகிப்பதில்லை. அது கீழே விழுந்து உடைந்தாலே போதும். இந்த வேலையைக் குழியில் செய்யாமல், காற்றோட்டமான வெளியிடத்தில் செய்வதே சரி. பவுடர் தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் தண்ணீர்மேல் மிதந்து தீயைப் பரப்பும்.

பல வண்டிகளில் பிளாஸ்டிக் லாக் இருக்கும். முதலில் இணைப்பைச் சற்று உள்ளே தள்ள வேண்டும். பிறகு லாக்கை அழுத்தி இழுத்தால் வந்துவிடும். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் லாக் உடையும். போல்ட் வைத்த இணைப்பில் செம்பு வாஷர் இருக்கும். கழற்றினால் புது வாஷர்தான் போட வேண்டும். வாஷர் விலை மிகக் குறைவு. அங்கே மிச்சம் பிடிப்பது புத்தியல்ல.

திரும்ப மாட்டும்போது முனையைத் துடைக்க வேண்டும். உள்ளே உள்ள ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "டிக்" என்ற சத்தம் வரும்வரை தள்ள வேண்டும். சத்தத்தை மட்டும் நம்பாமல் இழுத்தும் பார்க்க வேண்டும்.

பியூஸையும் பேட்டரி வயரையும் மாட்டியபின், எஞ்சினை உடனே ஓட்டக் கூடாது. சாவியை மட்டும் போட்டால் பம்ப் சில வினாடி ஓடும். இப்படி இரண்டு மூன்று முறை செய்து, இணைப்பைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு கசிந்தாலும் சாவியை அணைத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.