டைமார்போஸில் பள்ளம் விழுந்ததா?



2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்போஸ் என்ற சிறுகோளின் மீது வேண்டுமென்றே மோதியது. கலத்தின் எடை ஏறக்குறைய 580 கிலோ. வேகம் நொடிக்கு 6 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சுமார் 150 மீட்டர் அகலமே உள்ள டைமார்போஸ், டிடிமோஸ் என்ற பெரிய சிறுகோளை 11 மணி 55 நிமிடத்தில் சுற்றிவந்துகொண்டிருந்தது. மோதலுக்குப் பிறகு அந்த நேரம் அரை மணிக்கும் மேலாகக் குறைந்தது. பூமியை நோக்கி வரும் விண்பாறையைத் தள்ளிவிட முடியும் என்பதற்கு முதல் நேரடிச் சான்று இது.

சரி, மோதிய இடம் என்ன ஆயிற்று? டார்ட் அக்கணமே அழிந்துபோனது. கூடவே சென்ற லிசியாகியூப் என்ற சிறு கலம் படமெடுத்தபோது, கிளம்பிய புழுதி அந்த இடத்தையே மூடியிருந்தது. ஆகவே விடையைக் கணினியில் தேடினார்கள்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் சபீனா ரதுகான், மார்ட்டின் யூட்சி ஆகியோரின் குழு இதைச் செய்தது. சிறுகோளைக் கணினிக்குள் ஏராளமான துகள்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு துகளுக்கும் நிறை, வேகம், அடர்த்தி, அழுத்தம் உண்டு. பக்கத்துத் துகள்கள் தரும் அழுத்தத்தை வைத்து, அடுத்த கணத்தில் அது எங்கே நகரும் என்று கணக்கிடுகிறார்கள். பிறகு அதற்கடுத்த கணம்.

இதில் பெரிய சிக்கல் நேரம். அதிர்வலை நொடிக்குள் ஓடிவிடும். பள்ளமோ விரிந்துகொண்டே போகும். கெட்டியான பாறையானால் அதன் உறுதியே பள்ளத்தை நிறுத்திவிடும். சாலையோரத்தில் கொட்டிய ஜல்லிபோல் உதிரியாக இருந்தால், ஈர்ப்புதான் நிறுத்த வேண்டும். டைமார்போஸின் ஈர்ப்போ மிகமிகச் சிறியது. நாம் நடக்கும் வேகத்தில் எறிந்த கல்கூட அங்கே திரும்பி விழாது. அதனால் மோதலுக்குப் பிந்தைய முதல் இரண்டு மணி நேரத்தைக் கணக்கிட வேண்டியிருந்தது. கற்களின் அளவு, அவற்றுக்கிடையேயான பிணைப்பு, உள்ளிருக்கும் வெற்றிடம் ஆகியவற்றை மாற்றி மாற்றி, சுமார் 250 முறை ஓட்டிப் பார்த்தார்கள். லிசியாகியூப் கண்ட புழுதிக் கூம்பின் வடிவத்தோடும், சுற்றுநேரம் குறைந்த அளவோடும் எது ஒத்துப்போகிறது என்று சோதித்தார்கள்.

பொருந்தியது உதிரிக் குவியல்தான். அப்படியானால் கிண்ணம் போன்ற பள்ளமே அங்கே விழுந்திருக்காது. சிறுகோளின் வடிவமே மாறியிருக்கும். மொத்த நிறையில் ஏறத்தாழ ஒரு சதவீதம் விண்வெளிக்குப் போய்விட்டது, எட்டு சதவீதம் இடம் மாறியது என்பது 2024-ல் வெளிவந்த அவர்களது மதிப்பீடு.

இதை நம்பலாமா? நம்புவதற்கு ஒரு முன்னனுபவம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 5 அன்று ஜப்பானின் ஹயபுசா-2, ரியூகு சிறுகோளின் மீது 2 கிலோ செப்புக் குண்டை நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் எய்தது. பதினான்கு மீட்டருக்கும் அதிக அகலத்தில் பள்ளம் விழுந்தது. ரியூகுவின் மேற்பரப்பில் பிணைப்பு அநேகமாக இல்லை என்பதை அந்த அளவே காட்டியது. இத்தகைய கணினிக் கணக்குகளுக்கு உரைகல் கிடைத்தது அங்கேதான்.

என் மதிப்பில் இந்த ஆய்வின் பெருமை, பார்ப்பதற்கு முன்பே துணிந்து விடை சொன்னதில் இருக்கிறது. சரிபார்ப்பதற்கென்றே ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஹெரா கலம் 2024 அக்டோபர் 7 அன்று புறப்பட்டது. 2026-ன் பிற்பகுதியில் அது டிடிமோஸை அடைய வேண்டும். அதன் படங்கள் வெளிவரும்போது, நேயர்களே, பள்ளத்தை மட்டும் தேடாதீர்கள்; சிறுகோளின் வடிவத்தையும் பாருங்கள்.