அடி விழும்போதே கேட்போம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



"இப்பல்லாம் பொம்பளைங்கதான் புருஷனைக் கொல்றாங்க" என்று பஸ்ஸிலும் டீக்கடையிலும் பேசுகிறார்கள். உண்மை என்ன?

66 நாடுகளின் கொலைக் கணக்கைப் பார்த்த ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது. கொலையான பெண்கள் 100 பேரில் சுமார் 39 பேரைக் கொன்றது கணவனோ காதலனோதான். கொலையான ஆண்கள் 100 பேரில் மனைவியாலோ துணையாலோ இறந்தவர்கள் சுமார் 6 பேர்.

காரணமும் வேறு. ஆண் கொல்வது பெரும்பாலும் சந்தேகத்தால், "என்னை விட்டுப் போயிடுவியா" என்ற ஆத்திரத்தால். பெண் கொன்ற வழக்குகள் பலவற்றில் அதற்கு முன் வருஷக்கணக்கில் அடி வாங்கியவளும் அவள்தான். வேறு காரணத்துக்காகக் கொல்லும் பெண்களும் உண்டு. அதை நாம் மறைக்க வேண்டாம்.

இங்கிலாந்தில் வாழ்ந்த பஞ்சாபிப் பெண் கிரண்ஜித் அலுவாலியா 10 வருஷம் கணவனிடம் அடியும் சூடும் பட்டார். குடும்ப மானம் என்று பொறுத்துப் போகச் சொன்னார்கள். 1989-ல் தூங்கிய கணவன் மேல் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார். கணவன் இறந்தார், இவருக்கு ஆயுள் தண்டனை. ஒரு பெண்கள் அமைப்பு துணை நின்று போராடியது. 1992-ல் கொலைக் குற்றத் தீர்ப்பு ரத்தாகி, குறைந்த குற்றமாக ஏற்கப்பட்டு விடுதலையானார். ஆனால் போன உயிர் போனதுதான். இரண்டு பிள்ளைகள் தகப்பனை இழந்தார்கள்.

அமெரிக்காவில் 1970-களில் அடிபட்ட பெண்களுக்குத் தங்கும் இல்லங்கள் தொடங்கினார்கள். 1976 முதல் 2005 வரை துணையால் கொல்லப்பட்ட ஆண்களின் எண்ணிக்கை நாலில் மூன்று பங்கு குறைந்தது. பெண்ணுக்கு வெளியேற வழி கிடைத்ததும் ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பெண்ணுக்கு ஒரு கதவு திறந்தால் ஆணின் உயிரும் பிழைக்கிறது!

ஆனால் பெண்கள் கொல்லப்படுவது அந்த அளவு குறையவில்லை. அவள் பிரிந்து போகும் நேரம்தான் அவளுக்கு அதிக ஆபத்து. அதனால் சகோதரிகளே, நாம் செய்ய வேண்டியது இதுதான்:

* "கழுத்தை நெரிச்சார்", "கொன்னுடுவேன்னார்" என்று ஒரு உறுப்பினர் சொன்னால் அதைக் குடும்பச் சண்டை என்று தள்ள வேண்டாம்.
* வீட்டை விட்டு வர முடிவெடுத்தவரைத் தனியே அனுப்ப வேண்டாம். நாள், இடம் ரகசியமாக இருக்கட்டும்.
* 181-க்குப் போன் செய்யலாம். 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரிடம் புகார் தரலாம். கணவன் வீட்டில் குடியிருக்கும் உரிமையும் அந்தச் சட்டத்தில் உண்டு.

தவணை கட்டாவிட்டால் வீடு தேடிப் போய்க் கேட்கிறோமே, அடி விழுந்தாலும் போய்க் கேட்போம்.