சனி பெயரும் வரையில் கை காத்திருக்குமா?

(புதுச்சேரி முதலியார்பேட்டையில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசியது)



நோய் வந்தவர்களுக்குத் தேகப்பயிற்சி எதற்கு என்பதைப் பற்றி நான் இன்று பேச வேண்டுமென்று இக்கூட்டத்தைக் கூட்டியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நான் வைத்தியனல்ல. வைத்தியம் படித்தவனுமல்ல. கேட்டதையும், படித்ததையும், என் வீட்டில் பட்டதையும் கொண்டு எனக்குச் சரியென்று பட்டதைச் சொல்லப் போகிறேன். நீங்களும் நான் சொன்னேன் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

நான் வேறெங்கோ இருந்து பேச்சைத் துவக்கலாமென்று நினைத்துத்தான் வந்தேன். ஆனால் வருகிற வழியில் ஒரு வீட்டில் நான் பார்த்த சங்கதி என்னை இங்கிருந்தே துவக்கும்படி செய்துவிட்டது. அந்த வீட்டில் ஓர் அம்மாளுக்குப் பதினெட்டு நாளைக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் சேர்த்து உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கும் அழைத்து வந்துவிட்டார்கள். "கையைக் காலை அசைக்கப் பயிற்சி கொடுக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் காட்டினீர்களா?" என்று கேட்டேன். அதற்கு வீட்டுப் பெரியவர், "அம்மாளுக்கு ஏழரைச் சனி நடக்கிறது. பெயர்ச்சி ஆகட்டும். திருநள்ளாற்றுக்குக் கொண்டுபோய் நளதீர்த்தத்தில் குளிப்பாட்டிவிட்டு வந்தால் கை தானாக எழும்பும், அதுவரைக்கும் அசைக்காமல் வைத்திருக்கிறோம்" என்று சொன்னார். அவர் கெட்டவரல்ல. அந்த அம்மாளிடத்தில் உயிரையே வைத்திருக்கிறவர். அதுதான் எனக்குத் துக்கமாயிருந்தது.

தோழர்களே! திருநள்ளாறு நமக்கு அன்னிய ஊரல்ல. காரைக்காலைச் சேர்ந்தது. காரைக்கால் நம் புதுச்சேரி ஆட்சியைச் சேர்ந்தது. சனிப்பெயர்ச்சிக்கு அங்கு கூடும் கூட்டம் எவ்வளவென்று உங்களுக்கே தெரியும். கோயிலுக்குப் போகிறவர்களோடு நான் இன்று சண்டைக்கு வரவில்லை. ஒரே ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்லுகிறேன். சனி என்கிற கிரகம் சூரியனை ஒரு தடவை சுற்றிவரச் சுமார் 29½ வருஷமாகிறது. அதைப் பன்னிரண்டு ராசிக்குப் பங்கு போட்டால் ராசிக்கு இரண்டரை வருஷம். மூன்று ராசிக்கு ஏழரை வருஷம். இதுதான் ஏழரைச் சனியின் ரகசியம். இதில் பயப்பட ஒன்றுமில்லை, வகுத்தல் கணக்குத்தான்.

இனி மூளையின் கணக்கைப் பாருங்கள். பக்கவாதம் என்பது மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வதாலோ, வெடித்துவிடுவதாலோ வருவது. ரத்தம் போகாத பாகம் செத்துப் போகிறது. செத்தது செத்ததுதான். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் பாகங்களும் மற்ற பாகங்களும், செத்த பாகம் பார்த்துவந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளுகின்றன. எப்படிக் கற்றுக்கொள்ளும்? தறியில் உட்காரும் பையன் நாடா தள்ளக் கற்றுக்கொள்வதில்லையா, அப்படித்தான். ஒரே காரியத்தை நூறு தடவை, ஆயிரம் தடவை செய்து செய்து கற்றுக்கொள்ள வேண்டும். இந்தக் கற்கும் சக்தி முதல் மூன்று மாதத்தில்தான் மிக அதிகமாயிருக்கிறது. பிறகும் அடியோடு நின்றுவிடுவதில்லை. ஆறு மாதத்திலும் ஒரு வருஷத்திலும் முன்னேறுகிறவர்கள் உண்டு. ஆனால் முதல் மூன்று மாதத்தைப் போல வராது. சனி நகர இரண்டரை வருஷம், மூளை காத்திருப்பது மூன்று மாதம் என்றால் எந்த மரியாதைக்கு எது காத்திருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

இதை இவ்வளவு ஆத்திரமாக நான் சொல்லுவதற்குக் காரணமுண்டு. என் தகப்பனார் மில்லில் நெசவுப் பகுதியில் வேலை பார்த்தவர். 1988-ல் அவருக்கு இடது பக்கம் விழுந்தது. நாங்கள் சேர்த்த இடத்தில், பெயர் சொல்லப் போவதில்லை, மாத்திரையை எழுதிக் கொடுத்து "நல்ல ஓய்வு கொடுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். கையை இப்படி வை, விரலை இப்படி நீட்டு, இத்தனை நாழிகைக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வை என்று ஒருவரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உறவினர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். புறாவை அறுத்து அந்தச் சூட்டு ரத்தத்தைக் கையில் பூசினால் நரம்பு உணர்ந்துகொள்ளும் என்றார்கள். பூசினோம். எத்தனை புறா என்று கேட்காதீர்கள். வெட்கமாயிருக்கிறது. ஆறு மாதத்தில் அவருடைய இடது கை மூடிக்கொண்டுவிட்டது. பிறகு திறக்கவேயில்லை. நகம் வளர்ந்து உள்ளங்கையில் குத்தும். என் தாயார் தினமும் ஒரு துணிச் சுருளை அந்த விரல்களுக்குள் திணிப்பார். அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொள்வார். அப்படி அவர் பதினோரு வருஷம் இருந்தார். அந்தக் கையை முதல் வாரத்திலிருந்து தினம் மெதுவாக நீட்டி மடக்கியிருந்தால் முழுக் குணம் வந்திருக்குமோ வந்திராதோ, அந்த நகம் உள்ளே குத்தியிராது. விதி என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். விதியல்ல. எங்கள் அறியாமையும் சொல்லாதவர்களின் அலட்சியமும்தான்.

நிற்க, "ஓய்வு கொடு" என்று வைத்தியர்களே சொன்னார்களே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் வைத்திய சாஸ்திரமே அப்படித்தான் நினைத்திருந்தது. மாரடைப்பு வந்தவனை ஆறு வாரம் அசையாமல் கிடக்க வைத்தார்கள். 1952-ல் அமெரிக்காவில் லெவின், லவுன் என்ற இரு வைத்தியர்கள், அப்படிப்பட்டவர்களைப் படுக்கையை விட்டு எடுத்து நாற்காலியில் உட்கார வைத்து, அதனால் கெடுதியில்லை என்று காட்டினார்கள். 1966-ல் அந்நாட்டு டல்லாஸ் நகரத்தில் இன்னொரு சோதனை நடந்தது. நோயில்லாத ஐந்து வாலிபர்களை, இருபது வயதுக்காரர்களை, மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கச் செய்தார்கள். எழுப்பி அளந்து பார்த்தால் உழைக்கும் சக்தி கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. அதே ஐவரையும் முப்பது வருஷம் கழித்துக் கூப்பிட்டு மறுபடியும் அளந்தார்கள். முப்பது வருஷத்து மூப்பு செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம் என்று தெரிந்தது! நாம் அன்பினால் பெரியவர்களைப் படுக்கையில் கிடத்தி வைக்கிறோமே, அந்த அன்பு என்ன வேலை செய்கிறதென்று இதிலிருந்து தெரியவில்லையா?

வைத்தியம் தப்புச் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. தப்புச் செய்தது, சோதித்துப் பார்த்தது, தப்பென்று கண்டதும் மாற்றிக்கொண்டது. ஏழரை வருஷம் என்று சொன்ன பஞ்சாங்கம் எத்தனை பேர் கை மூடிப் போனாலும் ஏழே காலாக மாறினதுண்டா?

இங்கே மில்லில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்கள் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். "ஆயுள் முழுதும் உடம்பை முறித்து உழைத்தோமே, அதற்கு மேல் என்ன பயிற்சி?" என்று உங்களில் ஒருவர் என்னைக் கேட்டார். 1936-ம் வருஷம் ஜூலை 30-ந் தேதி இந்த ஊரில் மில் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் துப்பாக்கிக்கு உயிர் கொடுத்துத்தான் எட்டு மணி நேர வேலை வந்தது. உழைப்பு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உழைப்பு வேறு, பயிற்சி வேறு. தறி உங்கள் உடம்பைக் கேட்டு நிற்பதில்லை. அது தன் வேலைக்கு வேண்டிய தோளையும் முதுகையும் மட்டும் எடுத்துத் தேய்த்துவிட்டு மற்றதைச் சும்மா விட்டுவிடும். பயிற்சியோ எந்தத் தசை இளைத்திருக்கிறதோ அதைத் தேடிப்போய், அது தாங்கும் அளவுக்கு வேலை கொடுத்து, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டுவது. ஆனால் உழைப்பிலேயே நடையும் ஏற்றமும் கலந்திருந்தால் அதற்கும் பலனுண்டு. லண்டனில் மோரிஸ் என்பவர் 1953-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நாள் முழுதும் உட்கார்ந்து பஸ் ஓட்டுகிறவர்களைவிட, மாடி பஸ்ஸில் படியேறி இறங்கி டிக்கட் கொடுக்கிற கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று கண்டார். சம்பளமும் ஊரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். படிக்கட்டுதான் வித்தியாசம்.

அடுத்தபடியாக மூட்டு வலிக்கு வருவோம். இந்தக் கூட்டத்தில் அது இல்லாத வீடு இருக்காது. முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி நடக்கக்கூடாது என்று நாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்கிறோம். முழங்காலைத் தாங்கி நிற்பது முன்தொடைத் தசை. வலிக்குப் பயந்து நடக்காவிட்டால் அது இளைக்கும். இளைத்தால் மூட்டின் மேல் பாரம் கூடும். கூடினால் வலி கூடும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். இப்படிப் பத்து தடவை, பிறகு மறுகால். நாளைக்கு இரண்டு மூன்று வேளை. முதல் வாரத்தில் தசையில் கொஞ்சம் நோவு இருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். மூட்டு வீங்கினாலோ, சுரீரென்று குத்தினாலோ குறைத்துக்கொண்டு, தெரிந்தவரைக் கேளுங்கள். உலகமெங்கும் மூட்டுத் தேய்வுக்கு இதுதான் முதல் வைத்தியம். மாத்திரை அதற்குப் பிறகு. அறுவை எல்லாவற்றிற்கும் கடைசி.

ஆனால் நம் ஜனங்களுக்கு இது வைத்தியமாகவே தோன்றுவதில்லை. ஊசி போட்டால் வைத்தியம். கரண்ட் வைத்தால் இன்னும் பெரிய வைத்தியம். பயிற்சி சொல்லிக் கொடுக்கும் பிசியோதெரபி நிலையத்துக்குப் போகிறவர்களும், மெஷினில் பத்து நிமிஷம் சுகமாகப் படுத்துவிட்டு, "வீட்டில் செய்யுங்கள்" என்று எழுதிக்கொடுத்த சீட்டை வாசலிலேயே போட்டுவிட்டு வருகிறார்கள். மெஷின் கொடுப்பது சற்று நேர ஆறுதல். சீட்டில்தான் வைத்தியமிருந்தது. சாமியும் பூசாரியும் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்தவன் இப்போது மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கிறான். பகுத்தறிவு பேசும் நம் தோழர்களிலும் இப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

யோகாசனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் ஜனவரி மாதம் அதற்குத் திருவிழாவே நடக்கிறது. உடம்பை வளைத்து நீட்டுவது நல்ல பயிற்சிதான். இந்தியாவில் 24 ஆஸ்பத்திரிகளில், மாரடைப்பு வந்த 3,959 பேரை வைத்துச் சோதித்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். யோகப் பயிற்சி பெற்றவர்கள் பழைய வேலைகளுக்குத் திரும்புவது மேலாயிருந்தது. உயிர்ச்சேதமும் மறு மாரடைப்பும் குறைந்ததாக நிச்சயமாய்ச் சொல்லும்படி கணக்கு வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னார்கள் பாருங்கள், அதை நான் மதிக்கிறேன். ஆசனம் போட்டால் சர்க்கரை நோய்க்கு மருந்தே வேண்டாம் என்று மேடையில் சொல்லுகிறவனை மதிக்க முடியாது.

இந்தத் துறையை நம் பக்கத்தில் நாட்டியவர் யார் தெரியுமா? வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டராயிருந்த மேரி வர்கீஸ் என்னும் அம்மையார். 1954-ல் மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழ் உணர்ச்சியற்றுப் போய்விட்டார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, குஷ்டரோகத்தால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை வைத்தியம் செய்தார். நியூயார்க் போய்ப் புனர்வாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1963-ல் வேலூரில் அதற்கென்று ஒரு பகுதியையும் 1966-ல் தனி நிலையத்தையும் துவக்கினார். அம்மையார் கடவுள் நம்பிக்கை உள்ளவர்தான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பிரார்த்தனையோடு படுத்துவிடவில்லை. தோளுக்கும் கைக்கும் பலமேற்றி, படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறக் கற்றுக்கொண்டார். பெண்பிள்ளை, அதிலும் இடுப்புக்குக் கீழ் செயலற்றவர், ஒரு நிலையத்துக்குத் தலைமை வகித்தார்.

பெண்கள் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. சாயங்காலத்தில் வண்டிகளை நிறுத்திக் கடற்கரைச் சாலையை நடக்கிறவர்களுக்கே விட்டுவிடுகிறார்கள். அங்கு போய்ப் பாருங்கள். ஆண்கள் கையை வீசிக்கொண்டு நடக்கிறார்கள். நம் பேட்டைத் தாய்மார்கள் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள்? சர்க்கரை நோய் அவர்களுக்கு இல்லையா? வேலை செய்கிற தசை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் நடந்தால் போதும் என்கிறார்கள். செருப்போடு நடக்க வேண்டும், காலில் புண்ணிருக்கிறதா என்று தினம் பார்க்க வேண்டும், இன்சுலின் போடுகிறவர்கள் கையில் கொஞ்சம் இனிப்பு வைத்துக்கொள்ள வேண்டும். இந்த அரை மணியை வீட்டுப் பெண்களுக்குக் கொடுக்க முடியாதா? மருமகள் வீதியில் வேகமாக நடந்தால் குடும்ப கௌரவம் போய்விடுமென்றால், அவள் படுத்துவிட்டால் அது நிலைத்து நிற்குமா?

அவசரப்பட்டும் கெடுக்கக்கூடாது. பக்கவாதம் வந்த முதல் 24 மணி நேரத்திலேயே அதிகமாக எழுப்பி நடத்துவது நல்லதல்ல என்று 2015-ல் வெளியான பெரிய சோதனை காட்டிற்று. அதற்கப்புறம், வைத்தியர் பார்த்துச் சரியென்றதும், கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள் மூட்டு நழுவிவிடும். இதயநோய்க்காரர் பயிற்சியில் நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்த வேண்டும்.

எங்கே போவது? 1823-ல் பிரெஞ்சுக்காரர் துவக்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்ததுதான் கோரிமேட்டு ஜிப்மர். அதில் இதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. பக்கத்துத் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் துவக்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், படுத்திருப்பவர் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறார்கள். படுக்கையிலிருப்பவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாத ஏழைகளுக்கு அது எவ்வளவு உதவி! நம் ஊரிலும் தெருத்தெருவாக அப்படி வேண்டுமென்று நாம் கேட்க வேண்டும். கோயில் விழாவுக்குத் தெரு விளக்கு கேட்டு மனுப் போடத் தெரிந்தவர்களுக்கு இது கேட்கத் தெரியாதா?

நேரமாகிவிட்டது. கூட்டம் முடிந்ததும் நான் அந்த அம்மாள் வீட்டுக்குத்தான் மறுபடியும் போகப் போகிறேன். பெரியவரிடம் திருநள்ளாற்றுக்குப் போக வேண்டாமென்று சொல்லப் போவதில்லை. பெயர்ச்சி வருகிறபோது அந்த அம்மாளே நடந்து வண்டியேறட்டும், அதற்காக நாளைக் காலையில் கோரிமேட்டுக்குப் புறப்படுவோம் என்று கேட்கப் போகிறேன். வண்டி இருக்கிற தோழர் யாராவது கூட வந்தால் உதவியாயிருக்கும்.