பெயர் விடுபட்ட பிள்ளைகள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தார் வெளியிடக் கருதியுள்ள குடும்ப விவர ஏட்டிற்குப் படிவங்களைத் திரட்டும் பணி எம்பால் ஒப்புவிக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். அப்படிவங்களைப் படித்து வருங்கால் ஓரிடத்தில் எம் கை நின்றுவிட்டது. மக்கள் மூவர் உள்ள இல்லம் அஃது என்பதை யாம் நன்கறிவோம். படிவத்திலோ இருவர் பெயரே இருந்தது. விடுபட்டவன் நடுப்பிள்ளை, எம்மிடம் ஈராண்டு பயின்ற மாணவன். அவன் பொருட்டே இன்று உங்கள் முன் நிற்கின்றோம். பெற்றோரின் இசைவு பெற்றே பேசுகின்றோம். பெயரும் ஊரும் கூறோம்.

ஆறாம் வகுப்பில் அவன் எம்மிடம் வந்தான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பான். "ஏன் எழுதவில்லை?" என்று வினவினால், "ஏன் எழுதவில்லை?" என்றே விடை பகர்வான். யாம் அதனை ஏளனம் என்று கொண்டோம். இருக்கையை மாற்றி அமர்த்திய அன்று பொழுது சாயுமளவும் அழுதான். அதனைப் பிடிவாதம் என்றோம். பள்ளி மணி அடித்தால் காதுகளைப் பொத்திக்கொண்டு மேசையின் கீழ் ஒடுங்குவான். அதனைக் குறும்பு என்றோம். பேருந்து நிலையத்துக் கால அட்டவணை முழுதும் அவனுக்கு மனப்பாடம். இத்துணை நினைவாற்றல் உடையவன் அடங்காதிருப்பது செருக்கேயன்றி வேறென்னை என்று எண்ணி, ஒருநாள் மணி அடிக்கும் வேளையில் அவன் கைகளைக் காதினின்றும் விலக்கி இறுகப் பற்றிக்கொண்டோம். அவன் அலறிய அலறல் இன்றும் எம் செவியில் உளது. அடுத்த பதினைந்து நாளும் அவன் பள்ளிக்கு வரவில்லை.

அவனுக்கு ஆட்டிசம் உண்டென்று மருத்துவர் கூறியபோது அகவை பன்னிரண்டு. மணியோசை அவனுக்கு வெறும் ஓசையன்று, உடலை வருத்தும் துன்பம் என்பதை அவன் அன்னையார் வந்து சொல்லவே யாம் அறிந்தோம். ஆசிரியப் பயிற்சியும் பண்டிதப் பட்டமும் அதனை எமக்குக் கற்பிக்கவில்லை.

'ஆட்டோஸ்' என்பது 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். தமிழில் சிலர் இதனை 'மதியிறுக்கம்' என வழங்குவர். அச்சொல் எமக்கு உடன்பாடன்று. இப்பிள்ளைகளின் மதி இறுகியதன்று, அது வேறொரு வழியிற் செல்வது. ஆதலின் யாம் வேற்றுமொழிச் சொல்லையே ஆள்கின்றோம். தமிழாசிரியன் இவ்வாறு செய்யலாமோ என்று சினப்போர் பொறுத்தருள்க. இது தொற்றும் பிணியன்று. மூளை வளரும் முறையிலேயே அமைந்த வேறுபாடு. சிலர் வாழ்நாள் முழுதும் பேசார். சிலர் பட்டம் பெற்று அலுவல் பார்ப்பர். ஆகவேதான் 2013ஆம் ஆண்டு முதல் மருத்துவர் இதனை ஒரு நிலையாகக் கூறாது, பலபடியாக விரிந்த தொகுதியாகக் கூறுகின்றனர்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டுவன சில உள. ஓராண்டு நிறைந்த குழவி தன் பெயர் கேட்டுத் திரும்புகின்றதா? ஒன்றரை ஆண்டளவில் நிலவையோ காக்கையையோ விரலாற் சுட்டி, "பார்" என்பதுபோல் உம் முகத்தை நோக்குகின்றதா? சுட்டுதல் சிறு செயல்போல் தோன்றும்; ஆயினும் தான் கண்டதைப் பிறரும் காண வேண்டும் என்னும் விழைவு அதனுள் அடங்கியுளது. ஈராண்டில் இருசொல் சேர்த்துப் பேசாமை, பேசிய சொற்களை இழத்தல், பொம்மை வண்டியை ஓட்டாமல் அதன் சக்கரத்தையே சுழற்றிக்கொண்டிருத்தல், வழக்கம் சிறிது மாறினும் பெருந்துயர் உறுதல் ஆகியவும் அடையாளங்களே. இவற்றுள் ஒன்று கண்ட அளவிலே அஞ்சுதலும் வேண்டா. பல கண்டும் "அவன் தந்தையும் தாமதித்தே பேசினார்" என்று வாளாவிருத்தலும் வேண்டா. பெண்மக்கள் பிறரைப் பார்த்துப் போலச் செய்து தம் இடர்ப்பாட்டை மறைத்துக்கொள்வதுண்டு. அதனாற் கண்டறியப்படாதார் பலர்.

முதற்கண் செவிப்புலனைச் சோதித்தல் வேண்டும். குருதிச் சோதனையோ படமெடுக்கும் கருவியோ ஆட்டிசத்தைக் காட்டா. பயின்ற மருத்துவரும் உளவியல் வல்லுநரும் பிள்ளையை நேரே கண்டு, பெற்றோரை விரிவாக வினவியே தெளிவர். மாவட்ட இடையீட்டு மையங்களிலும், சென்னைக்கு அண்மையில் முட்டுக்காட்டிலுள்ள நடுவணரசு நிறுவனத்திலும் இதற்கு வழியுண்டு. பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயற்பயிற்சி முதலியன இளமையிற் தொடங்கினால் பயன் மிகும். இதனை மாற்றும் மருந்து இல்லை. வலிப்பு, உறக்கமின்மை போன்று உடன் வருவனவற்றிற்கே மருந்துண்டு. முற்றும் நீக்குவோம் என்று பொருள் பறிப்பாரிடம் மனையை விற்றுக் கொடுத்தாரையும் யாம் அறிவோம்.

காரணம் யாது என்பீர். மரபணுவின் பங்கு பெரிது. கிரகணமன்று; தாயின் குற்றமும் அன்று. சென்ற நூற்றாண்டின் இடைப்பகுதியில் மேனாட்டு மருத்துவரே, அன்பற்ற அன்னையால் விளைவது இஃது என்றனர். இத்தகைய மகனைப் பெற்ற பெர்னார்டு ரிம்லண்டு என்னும் உளவியலார் 1964இல் நூலெழுதி அதனை மறுத்தார். தடுப்பூசியைச் சாடிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றது. நம் இல்லங்களிலோ மருமகளைச் சாடும் மாமியார் நாவு இன்னும் ஓய்ந்தபாடில்லை.

இனி ஒருவர் வரலாறு கூறுவோம். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் 1933இல் பிறந்தவர் டொனால்டு டிரிப்லெட். மூன்றாம் அகவையில் அவரை ஒரு காப்பகத்தில் விட்டனர். ஓராண்டளவிற்குப் பின் பெற்றோரே மீட்டு வந்தனர். தந்தையார் மகனிடம் கண்டவற்றையெல்லாம் 33 பக்கம் எழுதி, பால்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கேனருக்கு விடுத்தார். 1943இல் கேனர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இத்துறைக்கு அடிப்படை. அதில் முதற்பிள்ளை டொனால்டு.

பின்னர் அச்சிறுவன் ஓர் உழவர் இல்லத்திற் சில ஆண்டு வளர்ந்தான். அளத்தலில் அவனுக்கு ஓயாத வேட்கை; அவர்கள் அதனைத் தடுக்கவில்லை. கிணறு தோண்டச் செய்து ஆழத்தை அளந்து கூறச் சொன்னார்கள். சோள வரிசைகளை எண்ணிக்கொண்டேயிருந்தான். உழுதுகொண்டே எண்ணுக என்றார்கள். கேனர் 1945இல் நேரிற் சென்று, அவன் குதிரையைப் பூட்டி ஏர் செலுத்தித் திருப்பும் திறம் கண்டு வியந்தார். அவ்வுழவர் எக்கல்லூரியிலும் உளநூல் கற்றாரல்லர்.

டொனால்டு கல்லூரியிற் பட்டம் பெற்றார், தம் ஊர் வங்கியிற் பணியாற்றினார், வண்டி ஓட்டினார், தனியே பல நாடு சென்று வந்தார். 2023இல் தம் 89ஆம் அகவையில் மறைந்தார். அவர் குடும்பம் செல்வமுடையது என்பதையும் மறைத்தல் கூடாது, செல்வம் உதவிற்று. ஆயினும் அவர் இன்னார் என்று ஊரே அறிந்திருந்தது, அதுவும் உதவிற்று.

வளர்ந்தாரிடையும் ஆட்டிசம் உண்டு. எம் சுற்றத்தார் ஒருவர், திருமண வீட்டிற் பந்திக்கு வாராது கொல்லையில் நிற்பவர். யாவரும் அவரைக் கருவம் உடையார் என்றோம். அவர்தம் மகளைச் சோதித்த மருத்துவர் தந்தையையும் வினவி, அவருக்கும் அந்நிலை உளதென்றார். நாற்பத்து மூன்றாம் அகவையில் அதனை அறிந்த அன்று, "அப்படியாயின் நான் கெட்டவன் அல்லன்" என்று அவர் எம்மிடம் கூறினார்.

சட்டம் இவர்களை மறக்கவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம் பெற்றுளது. வரையறுத்த அளவு குறையுடையார் எனச் சான்று பெற்றார்க்குப் பதினெட்டு அகவை வரை கட்டணமில்லாக் கல்வி உரிமையாம். தேவையுடையார்க்கு அதன் பின்னர்க் காப்பாளரை அமர்த்த 1999ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கின்றது. சான்று பெறுவதற்கோ பிள்ளை இருக்கின்றான் என்று முதலிற் கூறல் வேண்டும்.

எம் மாணவன் தந்தையாரிடம், பெயரை ஏன் விடுத்தீர் என்று கேட்டோம். நெடுநேரம் வாய் திறவாதிருந்து, "மூத்தவளுக்கு வரன் பார்க்கின்றோம், ஐயா" என்றார். அவரை நோவதற்கு எமக்கு வாயில்லை. வரன் பார்ப்போரும் நாமே. ஏட்டைப் புரட்டி வினவுவோரும் நாமே.

அன்றிரவு அவர் மீண்டும் எம் இல்லம் போந்து, படிவத்தைக் கேட்டு வாங்கி, மூத்தவள் பெயருக்கும் இளையவன் பெயருக்கும் இடையில் தம் கையாலேயே எழுதினார். இடம் போதாமையின் எழுத்துச் சிறுத்துவிட்டது. ஏடு இன்னும் அச்சேறவில்லை. பிறிது எவரேனும் பெயர் சேர்க்க விழைந்தால், ஞாயிறு மாலைகளில் யாம் இல்லத்திலேயே இருப்போம். படிவங்களும் எம்மிடமே உள.